ஊர் சுற்றிய மாணவர்கள்!

"ஊர் சுற்றுகிறான்" என்பது நம் வீடுகளில் ஒரு திட்டு. படிக்கிற பையன் ஊர் சுற்றினால் உருப்பட மாட்டான் என்பார்கள். பிழைக்கப் போன பிள்ளை ஊர் சுற்றினால், சம்பாதித்த காசைக் கரியாக்குகிறான் என்பார்கள்.

ஆனால், ஊர் சுற்றிய மாணவர்கள் எல்லோரும் கெட்டுப்போய் விடவில்லை. படிக்கப் போன தேசத்தில் கால் தேய நடந்து, கண்ணில் பட்டதை எல்லாம் பார்த்து, சில இடங்களில் அசடு வழிந்து, ஓர் இடத்தில் உயிருக்கே ஆபத்து வந்தும் தப்பி, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

அவர்களில் ஒருவர் மகாத்மா ஆனார். இன்னொருவர் பிரதமர் ஆனார். மூன்றாமவர் செட்டிநாட்டுத் தமிழர். அவர் பட்டமும் பதவியும் தேடவில்லை. ஆனால், அவர் செய்த வேலை அந்த மகாத்மாவையே திரையில் நடமாட வைத்தது.

திங்கட்கிழமை வரை வெள்ளை உடை

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. சட்டம் படிக்க லண்டன் பயணம்.

கப்பலில் இருந்தவரை கறுப்பு 'சூட்' போட்டுக்கொண்டார். கரை இறங்கும் நாளுக்கு என்று வெள்ளை பிளானல் உடை ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். சீமையில் கால் வைக்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இறங்கிப் பார்த்தால், அத்தனை பேரிலும் வெள்ளை உடை உடுத்தியிருந்தவர் அவர் ஒருவர்தான்! இங்கிலாந்தில் அது குளிர் தொடங்கும் காலம். எல்லோரும் கறுப்புக் கோட்டில் இருந்தார்கள்.

மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் கப்பல் ஏஜெண்டிடம் இருந்தன. அன்று சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமைக்கு முன் பெட்டி வராது என்று சொல்லிவிட்டார்கள். வெட்கத்தால் குன்றிப்போனார் காந்தி.

அன்று மாலை டாக்டர் மேத்தா என்ற குஜராத்தி நண்பர் ஓட்டலுக்கு வந்தார். அவருடைய பட்டுத் தொப்பி பளபளவென்று இருந்தது. பேசிக்கொண்டே காந்தி அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். தடவியது எதிர்ப்புறமாக. பட்டு ரோமம் எல்லாம் சிலிர்த்துக் கலைந்துவிட்டது. டாக்டர் சற்றுக் கோபமாகத் தடுத்தார். "பிறர் பொருளைத் தொடாதே" என்பதுதான் சீமையில் காந்தி படித்த முதல் பாடம்.

நாட்டியமும் பிடிலும்

பிறகு காந்திக்கு 'ஜென்டில்மேன்' ஆகும் ஆசை வந்தது. 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி வாங்கினார். 10 பவுண்டு செலவில் மாலை உடை தைத்தார். கண்ணாடி முன் நின்று 'டை' கட்டவும் தலை வாரவும் தினமும் பத்து நிமிஷம் செலவிட்டார்.

வெள்ளைக்கார நாட்டியம் பழக 3 பவுண்டு கட்டினார். மூன்று வாரத்தில் ஆறு பாடம் நடந்தது. பியானோ ஒரு பக்கம் போனது, அவர் கால் இன்னொரு பக்கம் போனது. தாளம் பிடிபடாததற்குக் காது பழகாததுதான் காரணம் என்று நினைத்து இன்னொரு 3 பவுண்டுக்குப் பிடில் வாங்கினார். அதைக் கற்றுக்கொடுக்கத் தனி ஆசிரியர், தனிச் சம்பளம்.

மூன்று மாதத்தில் மயக்கம் தெளிந்தது. 'வாழ்நாள் முழுவதும் இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம்? வந்தது படிக்க அல்லவா?' என்று யோசித்தார். பிடிலை வந்த விலைக்கு விற்றுத் தரும்படி ஆசிரியரிடமே கேட்டுக்கொண்டார்.

வேடிக்கை அதோடு நின்றது. ஊர் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. காந்தி ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகை எல்லாம் கணக்கில் ஏறின. வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க நடந்தே போனார். ஒரு நாளைக்கு எட்டு மைல், பத்து மைல் நடை.

தாயாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தால் மாமிசம் தொடாதவர் அவர். மரக்கறி ஓட்டல் தேடித் தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அன்றுதான் இங்கிலாந்தில் முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டார். வீட்டுச் சோற்றுக்கு ஏங்கி வெளியூரில் கிடந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி புரியும்.

ஏழு ஷில்லிங் சாப்பாடு

1889-ல் பாரிஸ் நகரத்தில் பெரிய கண்காட்சிக்காக ஈபில் கோபுரம் எழும்பியது. முழுக்க இரும்பு. உயரம் ஏறக்குறைய ஆயிரம் அடி. அதைப் பார்க்கும் ஆசை மாணவர் காந்தியையும் விடவில்லை.

பாரிஸில் ஒரு மரக்கறி ஓட்டல் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயே அறை எடுத்தார். ஏழு நாள் தங்கினார். நகரத்தின் வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நடந்தே சுற்றினார்.

ஈபில் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். முதல் தளத்தில் சாப்பாட்டுக் கடை இருந்தது. 'அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்' என்று பிறகு சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஏழு ஷில்லிங் கொடுத்துச் சாப்பிட்டார்! காலணா, அரையணா எண்ணிய மனிதர் செய்த ஊதாரிச் செலவு அது. சுயசரிதையில் அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கோபுரத்தில் அழகு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. பொம்மையைக் கண்டு குழந்தைகள் மயங்குவது போலத்தான் ஜனங்கள் அதைக் கண்டு மயங்குகிறார்கள் என்று கருதினார். அவர் மனதில் நின்றவை பாரிஸின் பழைய மாதா கோயில்கள். அங்கே மண்டியிட்டுப் பிரார்த்தித்தவர்களைப் பார்த்து, 'இவர்கள் கல்லை வணங்கவில்லை, கடவுளைத்தான் வணங்குகிறார்கள்' என்ற எண்ணம் அவருக்கு ஏற்பட்டது. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் கிடைத்த பாடம் அது.

நூலிழையில் தப்பிய நேரு

இருபது ஆண்டு கழித்து இன்னொரு இந்திய மாணவர் ஐரோப்பாவைச் சுற்றினார். அவர் ஜவஹர்லால் நேரு. 1907-ல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. எனவே காசு எண்ணும் கவலை இல்லை.

1909-ல் தந்தை மோதிலாலுடன் பெர்லினில் இருந்தபோது, ஜெப்பலின் பிரபு தமது ஆகாயக் கப்பலில் வந்து இறங்கியதைக் கண்டார். லட்சக்கணக்கான ஜனங்கள் கூடியிருந்தார்கள். சில வாரங்களில் பாரிஸ் நகரத்தின் மேல் முதன்முதலாகப் பறந்த ஆகாய விமானத்தையும் பார்த்தார். காந்தி ஏறிய அதே ஈபில் கோபுரத்தை அந்த விமானம் சுற்றி வந்தது.

பட்டம் வாங்கிய சமயத்தில் நார்வே நாட்டுக்குப் போனார். மலைப் பாதையில் நடந்து களைத்து ஒரு சிறு ஓட்டலை அடைந்தார்கள். "குளிக்க வேண்டும்" என்றார்கள். ஓட்டலில் அதற்கு வசதி இல்லை. பக்கத்தில் ஓடும் ஆற்றில் குளிக்கச் சொன்னார்கள். நேருவும் ஓர் ஆங்கில நண்பரும் சிறிய துண்டுகளுடன் இறங்கினார்கள்.

அது பனி உருகி வரும் நீர். ஆழம் இல்லை, ஆனால் உடம்பு விறைத்துவிட்டது. கால் வழுக்கி விழுந்த நேருவைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. கை கால் அசைக்க முடியவில்லை. நண்பர் எப்படியோ கரை ஏறி, கரையோரமாகவே ஓடி, நேருவின் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

பிறகுதான் தெரிந்தது: இன்னும் இருநூறு முந்நூறு கஜம் போயிருந்தால் அந்த ஆறு பெரிய பாறை விளிம்பிலிருந்து அருவியாக விழுகிறது! ஊரார் வேடிக்கை பார்க்க வரும் அருவி அது.

தெரியாத ஆற்றில் இறங்கக் கூடாது. ஊர் சுற்றுகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம்.

கோட்டையூரிலிருந்து டோக்கியோ

1973-ல் எம்.ஜி.ஆர். நடித்து இயக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது, திரையில் ஜப்பானைப் பார்த்துத் தமிழர்கள் வாய் பிளந்தார்கள். அதற்கு ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்பே ஜப்பானில் மாணவராக இருந்த தமிழ் வாலிபர் ஒருவர் உண்டு. அவர்தான் ஏ.கே.செட்டியார்.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். முழுப் பெயர் அ. கருப்பன் செட்டியார். செட்டிநாட்டு வாலிபர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடைக் கணக்கு எழுதக் கப்பல் ஏறிய காலம் அது. இவரும் பர்மாவுக்குப் போனார். ஆனால் பேரேட்டைத் தொடவில்லை. ரங்கூனில் 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார்.

1935-ல் ஜப்பானுக்குப் புறப்பட்டார். டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். அங்கிருந்து அமெரிக்கா சென்று நியூயார்க்கிலும் அதே கலையில் பயிற்சி பெற்றார்.

அந்தக் காலத்தில் வெளிநாடு படிக்கப் போன இந்தியர்கள் பெரும்பாலும் பாரிஸ்டர் பட்டத்துக்கோ ஐ.சி.எஸ். பரீட்சைக்கோ போனார்கள். படம் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனவர் இவர்!

படித்த நேரம் போக மற்ற நேரத்தில் பார்த்தார். பார்த்ததை எழுதினார். பெரிய கட்டடம், அரண்மனை என்று மட்டும் எழுதவில்லை. அந்த ஊர் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், ரெயிலில் எப்படி உட்காருகிறார்கள் என்று கவனித்தார். வாக்கியங்கள் சின்னவை. நடுநடுவே மெல்லிய நகைச்சுவை. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவர் ஒரு புத்தகத்துக்கு வைத்த பெயர் அவருக்கே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது.

கப்பலில் தோன்றிய யோசனை

1937-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். படிப்பு முடிந்துவிட்டது. 26 வயது இன்னும் நிரம்பவில்லை. சுற்றிலும் அட்லாண்டிக் கடல்.

அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். காந்தியின் வாழ்க்கையை ஒரு செய்திப் படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அந்தக் கப்பலில்தான் உதித்தது.

கையில் பெரிய முதல் இல்லை. சினிமாக் கம்பெனி இல்லை. இருந்தது இரண்டுதான். கற்றுக்கொண்ட கலை ஒன்று. ஊர் ஊராகப் போகக் கூச்சப்படாத கால் இன்னொன்று.

இந்தியா, இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று அலைந்தார். முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு படப்பிடிப்பாளர்கள் பல இடங்களில் எடுத்து வைத்திருந்த காந்தி படச்சுருள்களைத் தேடிப் பிடித்தார். பயணம் செய்த தூரம் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல். சேர்த்த படம் 50 ஆயிரம் அடி. அதிலிருந்து 12 ஆயிரம் அடியில் தமிழில் தயாரான படம் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 28.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். யுத்தம் நடந்த சமயம். அப்போது காந்தி படம் காட்டுவது சாதாரணக் காரியம் அல்ல. தெலுங்கிலும் அது வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியிலும், 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் உருவாயிற்று.

டோக்கியோவில் மாணவராகத் திரிந்தவர், கடல் கடந்து ஆள் தெரியாத ஊரில் வழி கேட்டுப் பழகியவர் என்பதால்தான் இது முடிந்தது. ஊர் சுற்றிய காலம் வீண் போகவில்லை.

பிற்காலத்தில் 'குமரி மலர்' என்ற பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்தினார். கர்நாடகத்தின் குடகு நாட்டைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1983-ல் காலமானார். உலகத்தையே படம் பிடித்தவர், தன்னைப் படம் பிடிக்க மட்டும் இடம் கொடாதவர். அதனால் அவருடைய முகத்தை அறிந்தவர்கள் குறைவு.

பெங்களூரில் எத்தனை வருஷம்?

இனி, பெங்களூருக்கு வருவோம்.

வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். பத்து வருஷம், இருபது வருஷம் ஆனவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குத் தெரிந்த பெங்களூர் மூன்றே இடம்: தங்கும் அறை, வேலைத் தலம், ஊருக்கு பஸ் ஏறும் இடம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவும் சரியாகப் போய்விடுகிறது.

காரணம் சோம்பல் மட்டும் அல்ல. வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிய காலத்திலிருந்து, செல்போனில் பணம் அனுப்பும் இந்தக் காலம் வரை ஒரு குற்ற உணர்வு தொடர்கிறது. 'அங்கே அம்மா கஷ்டப்படுகிறாள், இங்கே நான் வேடிக்கை பார்ப்பதா?' என்ற நினைப்பு. அது நல்ல பிள்ளையின் நினைப்புதான். ஆனால், அப்படியே இருந்துவிட்டால் இருபது வருஷம் கழித்தும் இந்த ஊர் வேற்றூராகவே இருக்கும். கடைக்காரரிடம் கன்னடத்தில் நாலு வார்த்தை பேச வராது. பஸ் பலகை படிக்க வராது. இங்கேயே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வந்து சொல்வதை வைத்துத்தான் அப்பா ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

காந்தி செய்தது போல, ஒரு வரைபடமும் இரண்டு காலும் போதும். பஸ்ஸில் நாள் பாஸ் எடுத்தால் நகரம் முழுதும் சுற்றலாம்.

லால்பாகில் ஒரு காலை

லால்பாக் தோட்டம் 1760-ல் ஐதர் அலி தொடங்கியது. திப்பு சுல்தான் வளர்த்தார். அங்குள்ள கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டியது 1889-ல். பாரிஸில் ஈபில் கோபுரம் எழும்பிய அதே வருஷம்! அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி இங்கே மலர்க் கண்காட்சி நடக்கும்.

தோட்டத்துக்குள் இருக்கும் பாறை மேல் ஏறி உட்காராதவர் கிடையாது. அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேலே கெம்பேகவுடா பெயரில் ஒரு சிறு கோபுரம் நிற்கிறது.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 18 ஆண்டு மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ந் தேதி திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு மொழிக்காரர்களும் ஒருவர் புலவரை ஒருவர் வாசலில் வரவேற்ற சம்பவம் அது.

தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. பேகூர் கோயிலில், 'பெங்களூரு' என்ற பெயர் வரும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்து வரலாம். இந்த மண்ணில் இரு மொழியும் எத்தனை காலமாக அக்கம்பக்கத்தில் இருக்கின்றன என்பது கண்ணாலேயே தெரியும்.

ஊர் ஆறு பிறக்கும் இடம்

ஒரு நாள் முழுதும் ஒதுக்க முடிந்தவர்கள் நந்தி மலைக்குப் போகலாம். பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். உயரம் 4,850 அடி. 1927-ல் உடல்நலம் கெட்டிருந்த காந்தியடிகள் இந்த மலையில்தான் பல வாரம் தங்கித் தேறினார். 1936-ல் மறுபடியும் வந்தார். ஈபில் கோபுரத்தில் அழகு இல்லை என்றவருக்கு இந்த மலை பிடித்திருந்தது.

மலை அடிவாரத்தில் போக நந்தீசுவரர் கோயில். கங்கர், சோழர், ஒய்சளர், விஜயநகரத்தார் என்று பல அரசர்கள் கை வைத்த கல் வேலை.

எல்லாவற்றையும் விட, நம்மவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நந்தி மலையிலும் அதைச் சுற்றிய குன்றுகளிலும்தான் தென்பெண்ணை பிறக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் வழியாக ஓடிக் கடலூரில் கடலில் கலக்கிறது. பாலாறும் இந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று அது தொட்டுப் போகும் ஊர்களிலிருந்துதான் எத்தனையோ குடும்பங்கள் பெங்களூருக்கு வந்திருக்கின்றன. ஆறு இறங்கிப் போன வழியில் ஆட்கள் ஏறி வந்திருக்கிறார்கள்!

பாலாற்றில் இன்று பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். ஆனாலும் ஆறு ஆறுதான். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, வேலூரிலோ வாணியம்பாடியிலோ பாலத்தை பஸ் தாண்டும். அப்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், "இது பிறக்கிற மலையை நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லலாம்.